நானூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

வட்டில் வந்தால் ஆயுதம்.
அதே எழுத்து காகிதத்தில் வந்தால் பேச்சு.
அமெரிக்கச் சட்டம் அப்போது அப்படித்தான் இருந்தது.
பீரங்கிக்கும் ரகசியக் குறியீட்டுக்கும் ஒரே பட்டியல்.
ஆகவே நிரலை அச்சடித்து
அட்டை போட்டு, விலை ஒட்டி
ட்ரோண்ட்ஹைமுக்கு அஞ்சலில் அனுப்பினார்கள்.

சுங்க அதிகாரி பெட்டியைப் பிரித்து
நடுப்பக்கம் ஒன்றைப் புரட்டினார்.
அடைப்புக்குறிகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.
"கவிதையா?"
"ஒரு விதத்தில்" என்றான் இங்வார்.
புத்தகத்துக்கு வரி கிடையாது. போகலாம்.

ரொட்டிக் கத்தியால் அதன் முதுகை அறுத்தோம்.
அறுக்கும்போது இங்வார் முகத்தைத் திருப்பிக்கொண்டான்,
நூலகர் மகன்.

எனக்கு நிரல் தெரியாது.
டெலிபோன் டைரக்டரிக்கு மெய்ப்புப் பார்ப்பவள்.
பதினாறு வருடம் ஓல்சன்களை வரிசையாய்ப் படித்த கண்,
அர்த்தம் கேட்டுப் பழகாத கண்.
அதனால்தான் கூப்பிட்டார்கள்.

ஸ்கேனருக்கு எழுத்தறிவு கம்மி.
பூஜ்யத்தை 'ஓ' என்னும்,
தூசியைப் புள்ளி என்று சாதிக்கும்.
ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் ஒரு சரிபார்ப்பு எண்.
கூட்டிப் பார்த்து அது வந்தால் வரி சரி.
வராவிட்டால்
இன்னொரு காபி, மறுபடி முதலிலிருந்து.

தாள் மாற்றியது ஷ்பெண்ட்.
பிரிஸ்ரென்காரன்; வந்து இரண்டு குளிர்காலம் ஆகிறது.
அண்ணன் எழுதும் கடிதங்கள் அவனுக்கு
யாரோ படித்து முடித்த பிறகுதான் வரும்,
மேலே புதுப் பசையோடு.
எங்களுக்கெல்லாம் இது கொள்கை.
அவனுக்கு அவசரம்.

நானூற்றுப் பன்னிரண்டில் மை கொட்டியிருந்தது.
ஓர் எண், அதன் ஓரத்துச் சரிபார்ப்பு எண், இரண்டும் கறுப்பில்.
சாவிக்கு எத்தனை துளி தற்செயல் சேர்ப்பது?
எட்டா, பதினாறா?
எதைப் போட்டாலும் ஓடும் என்றான் இங்வார்,
எதைப் போட்டாலும் பூட்டும்.
ஆனால் ஒன்று, பூட்டுபோல நடிக்கும்.

மறுபிரதி வர மூன்று வாரம்.
ஷ்பெண்ட் ஜன்னலைப் பார்த்தான். ஜன்னலில் பனி.

டுலூத்துக்குப் போன் போட்டோம்.
எழுதியவர் வெண்டெல் ஸ்ட்ராக்கா; தூக்கக் குரல்.
அந்நியனுக்கு வாயால் சொல்வதும் ஏற்றுமதிதான்,
அதற்கும் உரிமம் வேண்டும் என்றார்.
புத்தகம் நன்றாக இருக்கிறதா என்று விசாரித்தார்.
நன்றாக இருக்கிறது, நீளம்தான் ஜாஸ்தி.
"எட்டா?" என்றான் இங்வார்.
"என் வக்கீல் இந்த மாதிரிப் பேச்சே வேண்டாம் என்கிறார்."
"பதினாறா?"
கம்பியில் கடல் இரைந்தது.
அங்கே ஒரு நாய் தண்ணீர் குடித்தது,
நக்கி நக்கி, பாத்திரம் காலியாகும் வரை.
அவர் வைக்கவும் இல்லை, பேசவும் இல்லை.

மௌனம் சம்மதம் என்று
எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை.
பதினாறு என்று அடித்தேன்.
என் வாழ்க்கையில் மூலம் பார்க்காமல் நான் திருத்திய
ஒரே எழுத்து அது.

அன்றிரவே பல்கலைக்கழகக் கணினியில் ஏற்றினான் இங்வார்.
யாரும் எடுக்கலாம், யாருக்கும் கொடுக்கலாம்,
திறந்து பார்க்கலாம், திருத்தலாம்.
விடிவதற்குள் நாற்பது பேர் எடுத்திருந்தார்கள்.
பூட்டு உலகத்துக்கே தெரியும், சாவி உன்னிடம்,
அவ்வளவுதான் விஷயம் என்றான்.
எனக்கு நாற்பது முறை வயிறு புரண்டது.

டெலிபோன் பில் வந்தது.
அமெரிக்கா, பதினொரு நிமிடம்.
பாதிக்கு மேல் நாய்.

மறுபிரதியும் வந்தது.
கோட்டைக்கூடக் கழற்றாமல் பக்கத்தைப் புரட்டினேன்.
பதினாறு.
வெளியே போய்ப் படிக்கட்டில் சற்று நேரம் உட்கார்ந்தேன்.

ஜனவரியில் ஷ்பெண்டுக்கு அண்ணனிடமிருந்து வந்தது.
திரை முழுக்கக் குப்பை எழுத்து,
ஸ்கேனர் வாந்தி எடுத்ததுபோல.
ஏதோ தட்டினான். படித்தான். சிரித்தான்.
பிறகு சிரிக்கவில்லை.

"என்ன எழுதியிருக்கிறார்?" என்றேன்,
எண்ணூறு பக்கம் படித்த உரிமையில்.

அவன் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான்.